பன்னிரண்டாம் இடம்

"நாம யாருக்கு என்ன கெடுதி பண்ணுனோம்?" அறந்தாங்கியிலோ கந்தர்வகோட்டையிலோ ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்த அன்று, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, எவ்வளவு ஆகும், துணைக்கு யார் வருவது என்ற பேச்சுகளுக்கு நடுவே இந்தக் கேள்வியும் எழுகிறது. மற்றவற்றுக்கு யாராவது பதில் சொல்லிவிடுகிறார்கள். காப்பீட்டு அட்டையைத் தேடி எடுக்கிறார்கள், திருச்சியா தஞ்சாவூரா மதுரையா அடையாறா என்று முடிவு செய்கிறார்கள். இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள ஆளில்லை. அது தன் வேலை இல்லை என்று மருத்துவர் விட்டுவிடுகிறார். அப்படியெல்லாம் நினைக்காதே என்று உறவினர் அடக்குகிறார். ஜோதிடர் கட்டத்தைப் பார்க்கிறார். நார்த்தாமலை முத்துமாரியம்மனுக்கு நேர்ந்துகொள்கிறார்கள். 'எப்படி' என்பது அறிவியலின் கேள்வி, 'ஏன்' என்பது மனத்தின் கேள்வி, இரண்டையும் குழப்பக் கூடாது என்று படித்தவர்கள் பங்கு பிரித்து வைத்திருக்கிறோம். இந்தப் பாகப்பிரிவினை எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. எப்படி என்பதைப் போதுமான நெருக்கத்தில் போய்ச் சொன்னால், ஏன் என்பதில் இருக்கும் நஞ்சில் பெரும்பகுதி இறங்கிவிடும் என்று நினைக்கிறேன். புற்றுநோயைப் பற்றி மூலக்கூறு உயிரியல் கண்டுபிடித்தவற்றின் முதல் பலன், காரணத்தையும் குற்றத்தையும் அது வேறாக்கியதுதான். மருந்து அதற்குப் பிறகு வந்தது. அந்த முதல் பலனுக்கு விலை எதுவும் இல்லை. இருந்தும் நோயாளியிடம் கடைசியாகப் போய்ச் சேர்வது அதுதான். பல நேரங்களில் சேர்வதே இல்லை.

நெருக்கத்தில் போய்ப் பார்ப்பதற்கு ஒரு புரதத்தை எடுத்துக்கொள்கிறேன். ராஸ் என்று பெயர். 189 அமினோ அமிலங்கள் கோத்த சிறிய புரதம். செல் சவ்வின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். வளர்ச்சிக்கான சேதி வெளியிலிருந்து வந்து செல்லின் ஏற்பியைத் தொட்டதும், ராஸ் தன்னிடமிருந்த இரண்டு பாஸ்பேட் உள்ள மூலக்கூறை விட்டுவிட்டு மூன்று பாஸ்பேட் உள்ள மூலக்கூறைப் பற்றிக்கொள்கிறது. உடனே அதன் உடலில் இரண்டு வளைவுகள் மட்டும் இடம் மாறுகின்றன. அந்த மாறிய வடிவத்தை அடுத்த புரதமான ராஃப் அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ள, அங்கிருந்து மெக், எர்க் என்று கைமாறி, உட்கருவுக்குப் போய், பிரிந்து பெருகு என்ற கட்டளையாகிறது. காயம் ஆறுவதும் குழந்தை வளர்வதும் இப்படித்தான். ஆனால் சொன்ன சேதி முடியவும் வேண்டும். மூன்றாவது பாஸ்பேட்டை வெட்டினால் முடிந்துவிடும். ராஸ் தானாக வெட்டுவது மிக மெதுவாக; காப் என்ற துணைப்புரதம் வந்து சேர்ந்தால் அந்த வேகம் ஒரு லட்சம் மடங்கு கூடுகிறது. 1997-இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் விட்டிங்ஹோஃபரின் குழு இந்த இரண்டு புரதங்களும் சேர்ந்திருக்கும் நிலையில் படிகமாக்கி, எக்ஸ் கதிரால் படம் எடுத்தபோது அந்த வேகத்தின் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. காப் தன் ஆர்ஜினின் ஒன்றை விரல்போல ராஸின் உள்ளே நீட்டி, பாஸ்பேட்டின் பக்கத்தில் வைக்கிறது. அந்த விரல் வந்து அமரும் இடத்தை ஒட்டி இருப்பது ராஸின் பன்னிரண்டாவது அமினோ அமிலம். அங்கே இருப்பது கிளைசின்.

கிளைசின்தான் இருபது அமினோ அமிலங்களில் மிகச் சிறியது. மற்றவற்றுக்கெல்லாம் பக்கவாட்டில் ஒரு கிளை உண்டு; இதற்கு வெறும் ஒரு ஹைட்ரஜன் அணு. அந்த இடத்தில் வேறு எது வந்து உட்கார்ந்தாலும் விரலுக்கு இடம் போதாது. ஒருமுறை வந்த சேதி பிறகு ஓயாது. ஆலங்குடிப் பக்கம் போர்வெல் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான்: ஸ்டார்ட்டரில் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால், நிறுத்தும் பொத்தானை எத்தனை முறை அமுக்கினாலும் மோட்டார் ஓடிக்கொண்டேயிருக்கும். 1982-இல் மனிதச் சிறுநீர்ப்பைப் புற்று ஒன்றின் செல்களிலிருந்து எடுத்த ராஸ் மரபணுவையும் சாதாரண மரபணுவையும் சில ஆய்வகங்கள் ஒரே சமயத்தில் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டன. அவற்றில் ஒன்றின் ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் இந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்ற ஈ. பிரேம்குமார் ரெட்டியுடையது. எல்லோரும் கண்ட வேறுபாடு ஒரே எழுத்து. ஜி இருக்க வேண்டிய இடத்தில் டி. அதனால் கிளைசின் இருந்த பன்னிரண்டாம் இடத்தில் வாலின். பிறகு ஒவ்வொரு அமினோ அமிலமாக அந்த இடத்தில் மாற்றி வைத்துப் பார்த்ததில், புரோலின் ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே செல்லைப் புற்றின் பக்கம் திருப்பின. இன்று மனிதப் புற்றுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ராஸ் குடும்பத்து மரபணு ஏதாவது ஒன்று இப்படிப் பழுதுபட்டிருப்பது தெரிகிறது. கணையப் புற்றில் மிகப் பெரும்பாலானவற்றில்.

இதில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது 'இடம் போதாது' என்ற சொற்களில். எந்தத் தீய பொருளும் உள்ளே நுழையவில்லை. நான்கைந்து அணுக்களுக்கு உட்கார இடமில்லை, அவ்வளவுதான். இடமில்லை என்பதைப் புரத வேதியியலின் அடிப்படை விதியாக வகுத்துக் கொடுத்தது சென்னை என்பதைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். 1952-இல், முப்பது வயதில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தவர் ஜி. என். ராமச்சந்திரன். துறையைப் பார்க்க வந்த ஜே. டி. பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தோலும் தசைநாணும் எலும்பின் சட்டகமும் கொலாஜன்தான். தோலைப் பதனிடும் ஆராய்ச்சிக்கென்றே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாற்றில் இருந்தது. கங்காரு வாலின் தசைநாணிலிருந்து எடுத்த இழைகளின் எக்ஸ் கதிர்ப் படத்தை வைத்துக்கொண்டு ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் மூன்று புரிகள் முறுக்கிய கயிற்று வடிவத்தை முன்வைத்தார்கள். 1954 ஆகஸ்டில் நேச்சர் இதழில் வந்தது. கேம்பிரிட்ஜிலிருந்து மறுப்பு எழுந்தது. உங்கள் வடிவத்தில் சில அணுக்கள் இருக்கக் கூடாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்று கிரிக்கும் ரிச்சும் சொன்னார்கள். அந்த மறுப்பை ராமச்சந்திரன் ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டார்: இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? அதுவரை வெளிவந்திருந்த படிக ஆய்வுகளையெல்லாம் புரட்டி, எந்த அணுவும் எந்த அணுவும் எவ்வளவு கிட்டத்தில் நிற்கின்றன என்று பட்டியலிட்டு, அந்த எல்லைக்குள் ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று கணக்கிட்டார்கள். கணினி கைக்கெட்டாத காலம். 1963-இல் ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் வெளியிட்ட அந்த வரைபடத்தில் முக்கால் பங்குக்கு மேல் வெறுமை. அங்கெல்லாம் அணுக்கள் மோதிக்கொள்ளும். கிளைசினுக்கு மட்டும் பாதிக்கு மேல் திறந்து கிடக்கிறது, இடிப்பதற்குக் கிளை இல்லாததால். உலகில் இன்று எந்த ஆய்வகம் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டதாகச் சொன்னாலும், அது சரியா என்று பார்க்க முதலில் விரிப்பது ராமச்சந்திரன் வரைபடத்தைத்தான். கொலாஜனில் மூன்றுக்கு ஒன்று கிளைசினாக இருப்பதும் இதே காரணத்தால்தான். மூன்று புரிகளும் நடுவில் வந்து நெருங்கும் இடத்தில் வேறெதற்கும் இடமில்லை. அங்கே ஒரு கிளைசின் மாறினால் தொட்டாலே எலும்பு முறியும் குழந்தை பிறக்கலாம். ராஸின் பன்னிரண்டில் மாறினால் புற்று தொடங்கலாம்.

ஜாதகத்தில் பன்னிரண்டாம் இடத்தை விரய ஸ்தானம் என்பார்கள். எண் பொருந்துவது தற்செயல். ஆனால் அந்தக் கட்டத்தைப் பார்க்கப் போகிறவர் தேடுவது என்ன என்று யோசிக்க அது என்னைத் தூண்டுகிறது. அவருக்குத் தேவை காரணம். எந்தக் காரணமும் இல்லாமல் வந்தது என்பதைவிட, செய்த வினையால் வந்தது என்பதேகூடத் தாங்கக்கூடியதாக இருக்கிறது. வினை என்றால் ஒரு கணக்கு இருக்கிறது, கணக்கு என்றால் தீர்க்கவும் வழி இருக்கும். இந்தத் தேவையை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது, ஆனால் நியாயம் அல்ல. மருத்துவமனை காரணம் எதையும் சொல்லாமல் 'ஸ்டேஜ் மூணு' என்று மட்டும் சொல்லி அனுப்பும்போது, காரணம் சொல்கிற இடத்துக்கு மனிதர்கள் போகத்தானே செய்வார்கள். அங்கே கிடைக்கும் காரணம் எப்போதும் ஒரு ஆளைச் சுட்டுகிறது என்பதுதான் அதன் கொடுமை. மருமகள் வந்த நேரம், மகன் செய்த தவறு, போன தலைமுறையில் யாரோ ஏமாற்றிய சொத்து, அல்லது நோயாளி தானே. புரதத்தின் கதையிலும் காரணம் இருக்கிறது. மற்றெந்தக் கதையையும்விடத் துல்லியமாக, எந்த எழுத்து, எந்த அணு, எந்த இடம் என்று விரல் வைத்துக் காட்டும் அளவுக்கு இருக்கிறது. அதில் குற்றவாளி மட்டும் இல்லை. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது ஏறக்குறைய 600 கோடி எழுத்துகள் நகலாகின்றன. பிழை திருத்தும் புரதங்கள் பின்னாலேயே வருகின்றன. எல்லாம் முடிந்தபின்னும் ஒன்றிரண்டு எழுத்து பிசகி நிற்கும். பெரும்பாலும் அது யாருக்கும் தெரியாத இடத்தில் விழுகிறது. எங்கோ ஒருவர் உடலில், ஒரு செல்லில், பன்னிரண்டாம் இடத்தில் விழுகிறது. உயிர் தன்னை நகலெடுப்பதன் விலை இது. நகலே பிசகாத உயிராக இருந்திருந்தால் பரிணாமமும் இருந்திருக்காது, நாமும் இருந்திருக்க மாட்டோம்.

இங்கே ஒரு மறுப்பு வரும், வரவும் வேண்டும். எல்லாம் தற்செயல் என்றால் பீடி, புகையிலை விற்பவர்களுக்கு இதைவிட வசதியான தத்துவம் எது? 2015-இல் டொமாசெட்டியும் வோகல்ஸ்டைனும் திசுக்களில் நடக்கும் செல் பிரிவின் எண்ணிக்கையையும் புற்றின் விகிதத்தையும் ஒப்பிட்டு எழுதியபோது, புற்றுக்குக் காரணம் துரதிர்ஷ்டம் என்று பத்திரிகைகள் தலைப்பிட்டன. பொது சுகாதாரத் துறையினர் கொதித்தார்கள். கொதித்தது சரி. ஆனால் விடையும் அதே எழுத்துகளில்தான் இருக்கிறது. பெரும்பாலான புற்றுக்கு ஒரு பிசகு போதாது, பல சேர வேண்டும். அவற்றில் ஒன்றைத் தடுத்தாலே நோய் வராமல் போகலாம் என்பதால், தற்செயலின் பங்கு பெரிதாக இருக்கும்போதும் தவிர்க்கக்கூடியதன் முக்கியம் குறைவதில்லை. அதோடு, தற்செயலாக நேர்ந்த பிசகுக்கும் ஒன்று வந்து தாக்கிய பிசகுக்கும் கையெழுத்து வேறு. புகையில் இருக்கும் பென்சோபைரீன் டிஎன்ஏவின் ஜி எழுத்தில் போய் ஒட்டிக்கொண்டு, அடுத்த நகலில் அதை டி ஆக்குகிறது. புகைபிடிப்பவர்களின் நுரையீரல் புற்றில், ராஸ் குடும்பத்தைச் சேர்ந்த கே-ராஸின் பன்னிரண்டாம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் சிஸ்டைன் வந்து நிற்பது அதிகம். அது ஜி டி-யாக மாறியதால் வருவது. ஆகவே இந்த அறிவு புகையிலையை விடுவிக்கவில்லை, கையும் களவுமாகப் பிடித்துத் தருகிறது. பிடிபடுவது பொருளும் அதை விற்பவரும். பதினைந்து வயதில் கூலி வேலைக்குப் போன இடத்தில் பீடியைப் பழகிக்கொண்ட ஒருவரை நோக்கி, பிடித்தாயல்லவா அனுபவி என்று சொல்வதற்கு அதில் எந்த ஆதாரமும் இல்லை.

குற்றம் என்ற சொல் உடம்பின் மேல் எப்படி ஏற்றி வைக்கப்படுகிறது என்பதைப் புதுக்கோட்டையைவிட நன்றாகத் தெரிந்துகொள்ளக்கூடிய ஊர் எனக்குத் தெரிந்து இல்லை. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் இங்கே பிறந்தார். அப்பா நாராயணசாமி மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபுக் குடும்பத்தவர். அந்தக் கல்லூரியில் சேர முத்துலட்சுமி விண்ணப்பித்தபோது எதிர்ப்பு வந்தது, பெண் என்பதற்காகவும் பிறப்புக்காகவும். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சொன்னதால் இடம் கிடைத்தது. 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம். பிறகு சட்டமன்றத்தில், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை எதிர்த்து அவர் பேசியதன் சாரம் என்று நான் எடுத்துக்கொள்வது, ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததை அந்தப் பெண்ணின் குணமாக எண்ணாதீர்கள் என்பதைத்தான். அந்த வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1947-இல் வந்தது. அவருடைய தங்கை இளம் வயதிலேயே புற்றுநோயில் இறந்தார். அதன்பின் முப்பது ஆண்டுகளாக ஒரு புற்றுநோய் மருத்துவமனைக்காகப் பணம் திரட்டியும் வாதாடியும், 1954 ஜூன் 18 அன்று அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு அதைத் திறக்க வைத்தார். நேச்சரில் சென்னையின் முப்புரிக் கயிறு வெளியாக அப்போது இரண்டு மாதம்கூட இல்லை. ஒரே ஊர், ஒரே கோடைக்காலம்; பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திலிருந்து அடையாற்றுக்கு நடந்தே போய்விடலாம். இரண்டையும் ஒரு வரலாறாக எழுதும் பழக்கம் நமக்கு இல்லை. ஒன்று மருத்துவ சேவை, சமூகச் சீர்திருத்தம் என்ற அலமாரியில் இருக்கிறது, மற்றது தூய அறிவியல் என்ற அலமாரியில். எனக்கு அவை ஒரே வாதத்தின் இரண்டு பகுதிகளாகத் தெரிகின்றன. உடம்பில் நடப்பதற்கு உடம்புக்குள்ளேயே காரணம் உண்டு என்று ஒருவர் காட்டிக்கொண்டிருந்தபோது, உடம்பில் நடந்ததற்காக யாரையும் ஒதுக்கக் கூடாது என்று இன்னொருவர் படுக்கை போட்டுக்கொண்டிருந்தார்.

இந்த வாதத்துக்கு மிகக் கடினமான சோதனை கருப்பை வாய்ப் புற்று. தமிழகக் கிராமத்துப் பெண்களை நெடுங்காலமாக மிகுதியாகக் கொன்றது அதுதான். அதற்குக் காரணம் ஹெச்பிவி என்ற வைரஸ் என்பதை ஹரால்ட் சூர் ஹவுசன் 1980-களில் நிறுவினார், 2008-இல் நோபல் பெற்றார். வைரஸ் உடலுறவில் பரவுவது. அப்படியானால் அறிவியலே ஒரு புதிய பழியைக் கொண்டுவந்து பெண்ணின் தலையில் வைத்துவிட்டது அல்லவா? 'வினை' என்றபோது இருந்த மங்கல்கூட இல்லாமல், நேராக நடத்தையின் மேலேயே கை வைக்கிற பழி. தடுப்பூசி பற்றிப் பேசத் தயங்கும் வீடுகளில் இந்த அச்சம் உண்மையானது. நானும் இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பழி வருவது கதையைப் பாதியில் நிறுத்துவதால். முழுக்கச் சொன்னால் இப்படி இருக்கும்: மண வாழ்வில் இருக்கும் ஆணும் பெண்ணும் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த வைரஸைப் பெறுகிறார்கள். கணவரைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்ணுக்கும் வரும். பெரும்பாலோர் உடம்பு ஓரிரு ஆண்டுகளில் அதைத் துடைத்துவிடுகிறது. சிலரிடம் தங்கிவிடுகிறது. தங்கிய வைரஸின் ஈ6 என்ற சிறு புரதம், செல்லுக்குச் சொந்தமான இன்னொரு புரதத்தைப் பிடித்துத் தன் வடிவம் மாறி, இரண்டும் சேர்ந்து பி53-ஐப் பற்றுகின்றன. பி53 என்பது, நகலில் பழுது கண்டால் பிரிவதை நிறுத்து அல்லது செத்துப்போ என்று செல்லுக்குச் சொல்வது. அதற்குக் குப்பை முத்திரை குத்தப்பட்டு, செல்லின் சொந்தக் கழிவு எந்திரத்தாலேயே சிதைக்கப்படுகிறது. நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாத செல்லில் பிசகுகள் சேர்ந்துகொண்டே போகப் பத்து இருபது ஆண்டுகள் ஆகும். இவ்வளவையும் கேட்ட பிறகு யாருடைய நடத்தையைப் பற்றி என்ன சொல்ல முடியும்? மிகப் பலருக்கு வந்தது ஒருத்திக்குத் தங்கிவிட்டது. பாதிச் செய்தியை நாளிதழ்களும் சுவரொட்டிகளும் சொல்லிவிட்டன. மீதியைச் சொல்லும் பொறுப்பை யாரும் ஏற்கவில்லை.

இவையெல்லாம் வயிறு நிறைந்தவர்களின் பேச்சு, மணமேல்குடியிலிருந்து வரும் பெண்ணுக்கு வேண்டியது பஸ்சும் படுக்கையும், ஈ6-இன் வடிவம் எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பஸ்சும் படுக்கையும் முதலில் வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் விளக்கம் ஒன்றும் இலவசப் பொழுதுபோக்கு இல்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு 2000-இல் தொடங்கி நடந்த ஆய்வை எடுத்துக்கொள்ளலாம். 114 கிராமத் தொகுதிகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பாதியில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் முப்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வயதுப் பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். சமையலறை வினிகரில் இருப்பதுதான் அது. இயல்பான செல் நிறம் மாறாது. பிசகிய செல்லில் உட்கரு பெருத்து, புரதம் செறிந்திருப்பதால் அமிலம் பட்டதும் உறைந்து ஒரு நிமிடத்தில் வெள்ளைத் திட்டாகத் தெரியும். ஒரே ஒருமுறை செய்த சோதனை. அங்கே இந்தப் புற்று வருவது 25 சதவீதமும் அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்தது என்று 2007-இல் லான்செட்டில் வெளியானது. கோடிக்கணக்கில் விலை போகும் கருவி எதுவும் இல்லை, புரதம் உறையும் என்ற அறிவு இருந்தது. ஆனால் சோதனைக்கு வரச் சொன்னால் எல்லோரும் வந்துவிடுவதில்லை. வராதவர்களை நிறுத்துவது தூரம் மட்டும் அல்ல. தெரிந்துவிட்டால் என்ன சொல்வார்கள் என்ற அச்சமும் அதில் இருக்கிறது. குற்றத்தின் நிழலை எடுப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான் என்று நான் சொல்வது இந்த அர்த்தத்தில். விலை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாட்பட்ட ரத்தப் புற்று ஒன்றில் ஓயாமல் ஓடும் ஏபிள் என்ற புரதத்தை அடைக்கும் இமாடினிப் மாத்திரை 2001-இல் வந்தது. அது எப்படிப் போய் அமர்கிறது என்று படிகத்தில் காட்டிய குழுவின் தலைவர் ஜான் குரியன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கத் தொடங்கியவர். அதைக் கொண்டுவந்த நிறுவனத்தின் மாத்திரை அப்போது மாதத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாயாக இருந்தது. உள்நாட்டில் தயாரான அதே மருந்தின் விலை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தது. நிறுவனம் காப்புரிமை கேட்டதும் அந்த மூலக்கூறின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்குத்தான். சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது, உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று அந்த மறுப்பை உறுதி செய்தது.

எல்லாம் தெளிந்துவிட்டது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ராமச்சந்திரன் அணுக்களை இறுகிய பந்துகளாக வைத்துக் கணக்கிட்டார். உண்மையில் அவை அப்படி இல்லை. புரதம் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும் பொருள். படிகத்தில் நாம் பார்ப்பது அதன் ஒரு கணத்தை. 1982-இல் பழுது தெரிந்த ராஸுக்கு மருந்து செய்ய முடியாது என்றே முப்பது ஆண்டுகள் எல்லோரும் நம்பினார்கள். மூன்று பாஸ்பேட் மூலக்கூறை அது விடாப்பிடியாகப் பற்றிக்கொள்கிறது, அதன் வழவழப்பான மேல்பரப்பில் மருந்து போய் நிற்கக் குழியும் இல்லை. 2013-இல் கெவன் ஷோகட்டின் குழு, பன்னிரண்டாம் இடத்தில் வந்து உட்கார்ந்த சிஸ்டைனையே கொக்கியாகப் பயன்படுத்தி, அதன் அருகில் மருந்து வந்தால் மட்டுமே திறக்கும் ஒரு குழியைக் கண்டது. 2021-இல் அந்த வழியில் முதல் மருந்து அனுமதி பெற்றது. புகை விட்டுச்சென்ற கையெழுத்தே மருந்துக்குப் பிடியானது. ஆனால் அது பலருக்குச் சில மாதங்கள்தான் வேலை செய்கிறது. செல் வேறு பாதை கண்டுபிடித்துக்கொள்கிறது. நோயாளி ஒரு புரதம் அல்ல என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். வலி, கடன், விட்டுவிட்டு வந்த ஆடுமாடு, பள்ளிக்குப் போகாமல் வீட்டில் நிற்கும் பிள்ளை எதற்கும் படிகத்தில் இடமில்லை. நான் கேட்பது சிறியது. பழி என்ற ஒரு சுமையை இறக்கி வைக்கப் புரதத்தின் கதை போதும். மற்றவற்றை இறக்க வேறு கைகள் வேண்டும். குளமங்கலத்து அய்யனாருக்குக் காகிதப்பூ மாலை சாத்துவதை இது தடுக்கவும் இல்லை. நேர்த்திக்கடன் கேட்பது துணையை. தண்டனை பெற்றவன் கேட்கும் மன்னிப்பாக அது மாறும்போதுதான் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

என் வாதம் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. மார்பகப் புற்றுகளில் நூற்றில் ஐந்து முதல் பத்து வரை பரம்பரையாக வருபவை. பிஆர்சிஏ1 மரபணுவில் 185-ஆவது இடத்தை ஒட்டி இரண்டு எழுத்துகள் உதிர்ந்த ஒரு பிசகு தென்னிந்தியக் குடும்பங்களிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. இரண்டு எழுத்து உதிர்ந்ததும் அதற்கப்பால் உள்ள வாசகமெல்லாம் பொருளற்றுப்போய், டிஎன்ஏவைச் செப்பனிட வேண்டிய புரதம் முளையிலேயே முறிந்துவிடுகிறது. இங்கே பிசகு ஒரு செல்லில் நேர்ந்த தற்செயல் இல்லை. தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்தது, மகளுக்குப் பாதி வாய்ப்பில் போகக்கூடியது. 'வழிவழியாக வருகிறது' என்று சொல்லும்போது, நான் இத்தனை பக்கமும் பிரித்தெடுக்கப் பாடுபட்ட குற்றம் வேறு உடையில் உள்ளே வந்துவிடுகிறது. ஒரு எழுத்தைக் கடத்தியது யாருடைய குற்றமும் இல்லை என்று காகிதத்தில் நிரூபிக்கலாம். அக்காவுக்கு மார்பகப் புற்று என்று தெரிந்தவுடன் தங்கையின் ஜாதகத்தைத் திருப்பித் தரும் ஊரில் அந்த நிரூபணம் எதுவரை செல்லும்? சொன்னால் தங்கை முன்கூட்டியே பரிசோதித்துக்கொண்டு பிழைக்கலாம். சொல்லாவிட்டால் கல்யாணம் நடக்கலாம். தங்கையிடம் சொல்லிவிட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவள் உயிர், அவள் முடிவு. மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வது யார், எப்போது, அதன் பிறகு அவளுக்கு நேர்வதற்குப் பொறுப்பு யார் என்பதற்கு என்னிடம் விடை இல்லை. அந்த விடையைப் புரதத்தின் வடிவத்தில் தேடவும் முடியாது.